பதினாறாம் சேனலில் மணப்பெண்

வெள்ளைப் பட்டுப் புடவைக்கு மேலே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, அதன் பட்டையை ஹெலன் இடுப்பில் இறுக்கியபோது அவளுடைய அம்மா மேரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். விடிவதற்கு முன்பே பியூட்டி பார்லர் பெண் வீட்டுக்கு வந்து, ஊசி ஊசியாய்க் குத்தி நிறுத்திய மடிப்புகள் அவை.

"மொத்தமும் நசுங்குது பார். கோயில் வாசல்ல எறங்கினப்பறம் மாட்டிக்கினா ஆவாதா?"

"கோயில் வாசல்ல கடல் இல்லம்மா" என்றாள் ஹெலன். அம்மாவுக்கும் ஒன்றை எடுத்துக் கையை நுழைக்கச் சொன்னாள். படகில் ஏறிய ஒருவரையும் அவள் விடவில்லை. மடியில் கல்யாணக் கேக் பெட்டியோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள், பெட்டியைக் கீழே வைக்க மனம் வராமல், இடது கைக்கும் வலது கைக்கும் அதை மாற்றி மாற்றிப் பிடித்தபடியே ஜாக்கெட்டுக்குள் புகுந்தாள்.

மணப்பெண் கடல் வழியாகப் போவது வழக்கமில்லை. மாப்பிள்ளை எபினேசரின் ஊர் பழவேற்காட்டுக்கு வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டில் இருந்தது. மழைக்காலமாக இருந்தால் ஏரியிலேயே போய்விடலாம். மே மாத வெயிலில் ஏரி வற்றிப்போய்ப் படகுகள் பாதி வழியில் சேற்றில் உட்கார்ந்துவிடும், கல்யாணக் கூட்டம் இறங்கி முழங்கால் சேற்றில் நடக்க வேண்டும். அதனால் எபினேசரின் ஊரிலேயே பெரிய படகான கலியனின் 'முத்துமாரி' தெற்கே ஒரு குப்பத்துக்கு வந்து பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டது. கலியனுக்கு அதில் பெருமை பிடிபடவில்லை. படகின் இரண்டு பக்கமும் கலர்த் துணி கட்டி, முன்னாலிருந்து பின்னால் வரை நைலான் கயிற்றில் காகிதப் பூத் தோரணம் விட்டு, ஓட்டும் அறையின் கூரையில் பலூன் வளைவே வைத்திருந்தார்.

ஹெலனின் அப்பா யேசுதாஸ் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை செய்பவர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். அந்த வம்சத்தில் யாரும் கடலுக்குள் வந்ததில்லை. ஹெலன்தான் முதலில் கடலுக்குச் சம்பந்தப்பட்டாள், அதுவும் கரையில் உட்கார்ந்தபடி. துறைமுகத்தின் கட்டுப்பாட்டு அறையில் ரேடியோ ஆபரேட்டர் வேலை. கப்பல்களோடு பேச வேண்டும், வரும் போகும் வழியைச் சொல்ல வேண்டும், ஆபத்து என்று யாராவது கூப்பிடுகிறார்களா என்று பதினாறாம் சேனலில் எந்நேரமும் காது வைத்திருக்க வேண்டும். எபினேசரின் குரலை அவள் முதலில் கேட்டது அந்தச் சேனலில்தான். கப்பல் வரும் பாதைக்கு நடுவில் வலை விட்டுக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் படகை அவள் தமிழில் அதட்டினாள். "சாரி மேடம், இதோ ஒதுங்கிக்கினே கீறேன்" என்று ஒரு குரல் வந்தது. மறுநாள் அதே குரல் காற்று எப்படி என்று விசாரித்தது. அதற்கு மறுநாளும் விசாரித்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அவளுடைய சக ஆபரேட்டர் வசந்தகுமார், "பதினாறுல காத்தைப் பத்திப் பேசக்கூடாது, தனியா ஒரு போன் நம்பர் வாங்கிக்கங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டான்.

இன்றைக்கு அந்த வசந்தகுமார்தான் டூட்டியில் இருந்தான். அவளுக்கு லீவு கிடைக்க வேண்டும் என்பதற்காக ஷிப்டை மாற்றிக்கொண்டு, பிரியாணி போச்சே என்று புலம்பியிருந்தான்.

கரையில் தெரிந்த பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். இன்ஜின் இரண்டு முறை இருமியது. பிறகு படகின் வயிற்றில் ஏதோ அடித்தது போல ஒரு சத்தம். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அதுவரை இன்ஜின் இரைச்சலில் கத்திப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் குரல் தங்களுக்கே கேட்டு வாயை மூடிக்கொண்டார்கள். தணிகைவேல் என்ற வேலையாள் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகம்.

"தோரணம்" என்றான். "கயிறு அவுந்து தண்ணில உழுந்து, அடில சுத்தற ஃபேன்ல சுத்திக்கினுச்சு."

கலியன் நங்கூரம் கிடந்த பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கயிற்றைக் கட்டியவர் அவர்தான்.

தணிகைவேல் கத்தியோடு தண்ணீரில் குதித்தான். அலையில் படகின் பின்பாகம் தூக்கித் தூக்கி விழுந்துகொண்டிருந்தது. முதல் முறை ஒரு முழம் கயிற்றோடு வந்தான். இரண்டாம் முறை தோள் சிராய்த்து ரத்தத்தோடு வந்தான். மூன்றாவது முறை போகப் பார்த்தவனை ஹெலன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். அதற்குள் கலியன் நங்கூரத்தைப் போட்டிருந்தார். கயிறு விறைத்து, படகின் முகம் காற்றுக்கு நேராகத் திரும்பி நின்றது. காற்று கிழக்கிலிருந்து வந்தது. மேற்கே, கரைக்கு முன்னால், தண்ணீருக்கடியில் மணல் மேடு ஏறிய இடத்தில் அலைகள் வரிசையாய் எழுந்து வெள்ளையாய் உடைந்துகொண்டிருந்தன. உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது அழகாகத் தெரிந்தது. ஒரு பெண் போனை எடுத்துப் படம்கூடப் பிடித்தாள். ஹெலன் கலியனைப் பார்த்தாள். அவரும் அந்த வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் புடவையைக் கையில் அள்ளிக்கொண்டு ஓட்டும் அறைக்குள் போனாள். ரேடியோ உயிரோடு இருந்தது.

"இன்னாம்மா பண்ணப்போற?" என்று கலியன் பின்னாலேயே வந்தார்.

"கூப்பிடணும் மாமா."

"கூப்ட்டா எண்ணூர்லேருந்து ஆந்திரா வரைக்கும் கேக்கும். கலியன் போட்டு தோரணத்துல மாட்டிக்கினு நிக்குதுன்னு நாளைக்கு மார்க்கெட்ல ஒருத்தன் விடமாட்டான். செத்த பொறு. நானே எறங்கி அறுக்கறேன்."

யேசுதாஸ் ஓட்டும் அறையின் சட்டத்தைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். ஏறியதிலிருந்து அவர் எதையாவது பிடித்துக்கொண்டேதான் இருந்தார். "ஏம்மா, இதுக்குன்னு ஒரு பெரிய வார்த்தை கீதே, நீகூட ஊட்ல சொல்லுவியே. அத சொன்னா எல்லாக் கப்பலும் வந்துருமாமே. அதையே சொல்லிடேன்."

"மேடே" என்றாள் ஹெலன்.

"ஆங், அதான்."

மைக்கைக் கையில் எடுத்தவள் அழுத்தவில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மற்றவர்கள் சொல்லக் கேட்டே பழகிய வார்த்தைகள். கடலில் மிதக்கும் மரக்கட்டையைப் பற்றியோ, எரியாத மிதவை விளக்கைப் பற்றியோ எச்சரிக்க 'செக்யூரித்தே' என்று ஒரு வார்த்தை உண்டு, அதை அவளே தினமும் சொல்வாள். உதவி அவசரமாகத் தேவை, ஆனால் உயிர் இந்த நிமிடம் போகவில்லை என்றால் பான் பான். உயிரோ படகோ கைவிட்டுப் போகிறது என்றால் மேடே. டீசல் தீர்ந்துபோனதற்கு மேடே சொன்ன ஒருவரை அவளுக்கு நினைவிருந்தது. மூன்று கப்பல்கள் வழியை விட்டுத் திரும்பி வந்தன, அந்த நேரம் முழுக்க வேறு யாரும் சேனலில் வாயைத் திறக்க முடியவில்லை. அவர் நினைவுக்கு வந்தால் இன்னொருவரும் கூடவே வருவார். தண்ணீர் இடுப்பளவு ஏறும்வரை "சின்ன ரிப்பேர், சின்ன ரிப்பேர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தவர். கடைசியில் டீசல் கேனைக் கட்டிப்பிடித்தபடி கிடைத்தார். கரைக்கு வந்ததும் முதலில் கேட்டது டீ. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "வெக்கமா இருந்துச்சு மேடம்" என்றார்.

எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறதா என்று ஹெலன் தன்னையே கேட்டுக்கொண்டாள். கல்யாணத்தன்று, சொந்த ஆபீஸைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்க, காப்பாற்றுங்கள் என்று சொல்ல. சின்ன வார்த்தையை எடுக்கத் தோன்றுவது அதனாலா? அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். படகில் தண்ணீர் ஏறவில்லை. நங்கூரம் பிடித்திருக்கிறது. எல்லோரும் ஜாக்கெட் போட்டிருக்கிறார்கள். தணிகைவேலின் தோளில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் காற்று வெயிலோடு ஏறும், கரையின் பக்கம்தான் தள்ளும். உடையும் அலை தொலைவில் இல்லை, அதில் மாட்டினால் படகு கவிழும். வெட்கத்தை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தாலும் அதே பதில்தான் வந்தது. அவள் மைக்கை அழுத்தினாள்.

"பான் பான், பான் பான், பான் பான். ஆல் ஸ்டேஷன்ஸ், ஆல் ஸ்டேஷன்ஸ், ஆல் ஸ்டேஷன்ஸ். திஸ் இஸ் ஃபிஷிங் போட் முத்துமாரி, முத்துமாரி, முத்துமாரி."

இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ். திரையில் பார்த்து எண் எண்ணாக வாசித்தாள். கரையோரப் படகுகளுக்காகத் தமிழிலும் சொன்னாள். புரொப்பல்லரில் கயிறு சிக்கி இன்ஜின் நின்றுவிட்டது, நங்கூரத்தில் நிற்கிறோம், இழுத்துப் போக ஒரு படகு வேண்டும். எந்தக் கயிறு என்று சொல்லவில்லை. கலியன் கண்ணால் ஒரு நன்றி சொன்னார்.

"போட்டில் பதினாலு பேர்" என்று அவள் முடிக்கும்போது பின்னாலிருந்து கெங்கம்மாள், "கேக்கையும் சேத்துக்க" என்றாள்.

ரேடியோ கொஞ்ச நேரம் இரைந்துகொண்டே இருந்தது. அந்த இரைச்சலின் மறுபக்கத்தில் வசந்தகுமாரின் முகம் எப்படி இருக்கும் என்று ஹெலனுக்குத் தெரியும். மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்த டீ ஆறிக்கொண்டிருக்கும்.

"முத்துமாரி, திஸ் இஸ் போர்ட் கன்ட்ரோல். ரிசீவ்டு பான் பான்." குரலில் ஒரு சலனமும் இல்லை. அவள் பெயரை அவன் சொல்லவில்லை. துறைமுகத்தின் இழுவைப் படகு வேறு வேலையில் இருக்கிறது, வர நேரம் ஆகும், கடலோரக் காவல்படைக்கும் தகவல் சொல்லிவிட்டேன், பக்கத்தில் இருக்கும் படகுகள் பதில் சொல்லவும் என்று வரிசையாய்ச் சொன்னான்.

யாரும் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கும் படகுகள் எல்லாம் எங்கே என்று ஹெலனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கரையின் அத்தனை படகுகளும் இன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. அவள் கல்யாணத்துக்காக மணலில் ஏறி நிற்கின்றன. அவற்றின் ரேடியோக்கள் அணைந்து கிடக்கின்றன. ஊரே புதுத் துணியோடு கோயில் வாசலில் நிற்கிறது.

பிறகு ஒரு குரல் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

"முத்துமாரி, முத்துமாரி. இது ஸ்டெல்லா. கேக்குது. நாங்க வந்துக்கினே கீறோம்."

ஸ்டெல்லா எபினேசரின் படகு. காலையிலிருந்து கோட்டுப் பாக்கெட்டில் கை ரேடியோவை வைத்துக்கொண்டு, போட்டோக்காரனுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, அவன் கரையிலேயே உலாத்திக்கொண்டிருந்தது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. இப்போது தெரிந்ததெல்லாம் அந்தக் குரல்தான். எத்தனையோ நாள் காற்று எப்படி மேடம் என்று கேட்ட குரல். அவளுக்கு ஏதேதோ சொல்ல வேண்டும்போல இருந்தது.

"ஸ்டெல்லா, முத்துமாரி. ரிசீவ்டு" என்று மட்டும் சொன்னாள்.

"அவ்ளோதானா?" என்றாள் மேரி.

"பதினாறுல அவ்ளோதாம்மா."

படகில் சிரிப்பு எழுந்தது. மேரியே சிரித்தாள். வருகிறார்கள் என்றதும் எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. யாரோ பைக்குள்ளிருந்து முறுக்கை எடுத்துக் கை மாற்றினார்கள். கலியன்கூட ஒன்றை வாங்கிக் கடித்தார். ஹெலன் மட்டும் ஓட்டும் அறை வாசலில் நின்று கரையையே பார்த்தாள். கலங்கரை விளக்கத்துக்கு நேர் முன்னால் ஒரு சவுக்குத் தோப்பின் ஓரம் இருந்தது. இரண்டும் ஒரே கோட்டில் நிற்கிறவரை படகு இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். முறுக்கைத் தின்றபடி பார்த்தாள். கோடு சரியாக இருந்தது. காற்று அவள் முக்காட்டைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. மறுபடி பார்த்தாள். தோப்பு விளக்கை விட்டு ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. கண் சரியில்லையோ என்று இமைத்துப் பார்த்தாள். இரண்டு விரல்.

முன்பக்கம் நங்கூரக் கயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டிருந்த கலியன் திரும்பினார். கயிறு அவர் உள்ளங்கையில் அதிர்ந்து அதிர்ந்து, மணலைச் சுரண்டிக்கொண்டு வருவதைச் சொல்லியிருக்க வேண்டும். இருவர் கண்ணும் சந்தித்தன.

"சொல்லிடும்மா" என்றார் அவர். "அந்தப் பெரிய வார்த்தைய."

இந்த முறை அவளுக்கு யோசிக்க எதுவும் இல்லை. கை ஏற்கெனவே மைக்கின் மேல் இருந்தது. அத்தனை நேரம் சிக்கனமாய் எடுத்து வைத்திருந்த வார்த்தை, தேவை வந்ததும் தயங்காமல் வந்தது.

"மேடே, மேடே, மேடே. திஸ் இஸ் முத்துமாரி, முத்துமாரி, முத்துமாரி. மேடே முத்துமாரி." இடம் சொன்னாள். "நங்கூரம் பிடிக்கல. உடையற அலைக்குள்ள போய்க்கிட்டு இருக்கோம். பதினாலு பேர். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கோம். உடனே உதவி வேணும். ஓவர்."

படகில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. கெங்கம்மாள் கேக் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேரி முணுமுணுவென்று ஜெபம் சொன்னாள். ரேடியோவில் வசந்தகுமார் மேடேயை ஏற்றுக்கொண்டான். எல்லா ஸ்டேஷன்களும் அமைதி காக்க வேண்டும் என்றான். அவன் குரல் இப்போது மாறியிருந்தது, ஒவ்வொரு வார்த்தையையும் ஆணி அடிப்பதுபோலச் சொன்னான். வெளிக்கடலில் நங்கூரமிட்டிருந்த ஏதோ ஒரு சரக்குக் கப்பலிலிருந்து, எந்த நாட்டுக்காரரோ, நாங்கள் மீட்புப் படகை இறக்குகிறோம் என்றார். முகம் தெரியாத அந்த மனிதரின் உடைந்த ஆங்கிலத்தைக் கேட்டு ஹெலனுக்குக் கண் கலங்கியது. எல்லோரும் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். முதல் பெரிய அலை அடியில் புகுந்து படகைத் தூக்கி இறக்கியது. பலூன்கள் இரண்டு வெடித்தன.

"மேடே முத்துமாரி, இது ஸ்டெல்லா." ரேடியோ கத்தியது. "பாத்துட்டேன். உங்களைப் பாத்துட்டேன். முன்பக்கம் ஆள நிக்க வைங்க, கயிறு வீசறேன்."

வடக்கே ஒரு அலையின் தலையில் நீலப் படகு ஏறி நின்றது. பின்னாலேயே இன்னொன்று, அதற்குப் பின்னால் பச்சையும் மஞ்சளுமாய் இன்னும் பல. பான் பான் கேட்டபோதே எபினேசர் ஊரைக் கூட்டியிருந்தான். பட்டு வேட்டியும் கலர்ச் சட்டையுமாய் ஆண்கள் தோள் கொடுத்துப் படகுகளைத் தண்ணீரில் தள்ளியிருந்தார்கள். மேடே வரும்போது பாதி வழி வந்துவிட்டார்கள். எபினேசர் கோட்டோடுதான் நின்றான். கோட்டில் குத்திய ரோஜா தலைகீழாய்த் தொங்கியது.

முதல் வீச்சில் கயிறு குறைவாகப் போய்த் தண்ணீரில் விழுந்தது. சுருட்டி மறுபடி வீசினான். தணிகைவேல் எட்டிப் பிடிப்பதற்குள் அது அவன் விரலைத் தாண்டி நழுவியது. பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அதை அந்தரத்திலேயே பற்றியது. அதுவரை எதையாவது பிடித்துக்கொண்டே இருந்த யேசுதாஸ், இரண்டு கையையும் விட்டுவிட்டு, கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"கட்டுப்பா, சீக்கிரம்" என்று கயிற்றைக் கலியனிடம் கொடுத்தார்.

கயிறு தண்ணீரிலிருந்து எழுந்து, சொட்டச் சொட்ட விறைத்தது. ஸ்டெல்லாவின் இன்ஜின் திணறியது. இன்னொரு படகு பக்கத்தில் வந்து தானும் ஒரு கயிறு கொடுத்தது. சற்று நேரம் யாரும் எங்கும் போகாததுபோல இருந்தது, முன்னால் இரண்டு படகும் பின்னால் அலையும் ஒரே பலத்தில் இழுப்பதுபோல. பிறகு ஹெலன் திரும்பிப் பார்த்தபோது சவுக்குத் தோப்பு விளக்கை நோக்கி ஒரு விரல் திரும்பி வந்திருந்தது.

ஆழமான இடத்துக்கு வந்ததும் படகுகள் எல்லாம் வேகம் குறைத்து முத்துமாரியைச் சுற்றிக்கொண்டன. ஒவ்வொன்றிலும் நனைந்த புதுத் துணிகள். முத்துமாரியின் பின்னால் தண்ணீரில் இழுபட்ட காகிதப் பூக்களைப் பார்த்துவிட்டு யாரோ கலியனிடம், "இன்னா மாமா, தோரணம் ரொம்ப ஸ்ட்ராங்கா கட்டிட்டியா?" என்றான். கலியன் தலையில் கை வைத்துக்கொண்டு தானும் சிரித்தார். எபினேசர் ஸ்டெல்லாவின் பின்பக்கத்தில் கயிற்றின் மேல் ஒரு காலை வைத்து நின்றான். மற்றவர்கள் எல்லாம் ஊரைப் பார்த்து நிற்க, அவன் ஒருவன் இந்தப் பக்கம் பார்த்து நின்றான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஹெலன் உள்ளங்கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

இன்னும் ஒரு வேலை மீதி இருந்தது. வெளிக்கடலில் யாரோ ஒருவர் இவர்களுக்காகப் படகை இறக்கிக்கொண்டிருப்பார். வசந்தகுமார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பான். அவள் ஓட்டும் அறைக்குள் போய், கழுத்தில் ஒட்டியிருந்த முக்காட்டை விலக்கிவிட்டு, மைக்கை எடுத்தாள்.

"ஆல் ஸ்டேஷன்ஸ், ஆல் ஸ்டேஷன்ஸ், ஆல் ஸ்டேஷன்ஸ். திஸ் இஸ் முத்துமாரி. கேன்சல் மை மேடே."

வார்த்தை வாயைவிட்டுப் போன அதே கணத்தில் அது வெளியிலிருந்தும் கேட்டது. சுற்றி நின்ற அத்தனை படகுகளிலும் ரேடியோக்கள் பதினாறில் திறந்து கிடந்தன. வலப்பக்கம், இடப்பக்கம், ஸ்டெல்லாவில், பின்னால் வந்துகொண்டிருந்த கடைசிப் படகில், தண்ணீரின் மேல் எல்லாத் திசையிலிருந்தும் அவள் குரலே வந்தது. இன்ஜின்களை ஒவ்வொருவராய்த் தணித்தார்கள். ஹெலன் கண்ணாடி வழியாக எபினேசரைப் பார்த்தாள். அவன் கை ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தான். அவள் மறுபடி மைக்கை அழுத்தினாள்.

"எல்லாரும் பத்திரமா இருக்கோம்" என்றாள்.

எல்லாரும் பத்திரமா இருக்கோம் என்றது பச்சைப் படகு. எல்லாரும் பத்திரமா இருக்கோம் என்றது மஞ்சள் படகு. வெயிலில் மினுங்கிய கடலின் மேல் படகுகள் மெல்ல ஏறி இறங்கின. அந்தக் குரல் முடிந்த இடத்தில், ஸ்டெல்லாவுக்கும் முத்துமாரிக்கும் நடுவில் கயிறு தண்ணீரிலிருந்து எழும்பித் துளிகளைச் சிந்திவிட்டு மீண்டும் அமிழ்ந்தது.